கல்லா, உலோகமா, சுதையா? மொரீஷியஸில் கோயில் திருப்பணிக்குச் சிற்ப வேலை கொடுப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

திருப்பணி என்று பேச்செடுத்ததும் கமிட்டியில் யாராவது ஒருவர், "ஊரில் எனக்குத் தெரிந்த சிற்பி இருக்கிறார், எல்லா வேலையும் செய்வார்" என்று சொல்வார். பல திருப்பணிகள் தடம் மாறுவது அந்த இடத்தில்தான். கல்லில் வேலை செய்கிறவருக்கு வார்ப்பு தெரிய வேண்டியதில்லை. வார்ப்பு வேலைக்காரர் கோபுரத்தில் ஏறிச் சுதை (சுண்ணாம்புச் சாந்து) பூசமாட்டார். தேருக்கு மரம் இழைப்பவர் இந்த மூவரிடமிருந்தும் வேறானவர். ஒவ்வொன்றும் பரம்பரையாக, தனிப்பட்ட ஊர்களில், தனிப்பட்ட கருவிகளோடு வளர்ந்த தொழில். எந்த உருவத்துக்கு எந்தத் தொழிலாளி என்பதைச் சரியாகப் பிரித்துவிட்டால் பணமும் காலமும் மிச்சம். சிலையும் நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும்.

பழைய திவாகர நிகண்டு சிற்பத் தொழிலுக்குரிய பொருள்களாகப் பத்தைச் சொல்கிறது: கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு. இதில் தந்தத்தை இன்று நினைத்தே பார்க்கக் கூடாது. மற்றவற்றில் நம் தீவுக் கோயில்களுக்கு எது எங்கே பொருந்தும் என்று பார்ப்போம்.

முதல் படி: அந்த உருவத்துக்கு என்ன நடக்கப்போகிறது என்று எழுதுங்கள்

அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, செய்யப்போகும் ஒவ்வொரு உருவத்துக்கும் நேராக நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். தினமும் அபிஷேகம் உண்டா? தூக்கிக்கொண்டு புறப்பாடு போகுமா? மழையிலும் வெயிலிலும் நிற்குமா? பார்ப்பவர் எத்தனை அடி தூரத்திலிருந்து பார்ப்பார்?

இந்தப் பதில்களே பாதி முடிவைச் சொல்லிவிடும். தினமும் பால், தயிர், எண்ணெய் என்று அபிஷேகம் காணும் மூலவர் கல்லாக இருக்க வேண்டும். தைப்பூசத்தில் வீதி உலா வரும் முருகன் உலோகமாக இருக்க வேண்டும். கோபுரத்தில் நிற்கும் நூற்றுக்கணக்கான உருவங்களுக்குச் சுதை. வாகனத்துக்கும் தேருக்கும் மரம். இது வெறும் வழக்கம் இல்லை, காரணத்தோடு வந்த முறை. திருவரங்கத்துப் பள்ளிகொண்ட பெருமாள் சுதை உருவம். அதனால் அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி கடுசர்க்கரை யோகம் என்ற மூலிகைச் சாந்தில் அமைந்த உருவம். அங்கும் மூலவர் மேல் நீர் விடுவதில்லை. பொருளைப் பார்த்துப் பூஜை முறை அமைகிறது. நாம் வழக்கத்தை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றினால் சில ஆண்டுகளில் உருவம் சிதையும்.

உருவம் முழுவதுமாகச் சுற்றிப் பார்க்கும்படி இருக்குமா, சுவரோடு ஒட்டிய புடைப்புச் சிற்பமா என்பதையும் அதே தாளில் குறியுங்கள். தூணிலும் சுவரிலும் வருவதற்குப் புடைப்பே போதும். செலவும் எடையும் நன்றாகக் குறையும்.

இரண்டாம் படி: ஸ்தபதியைத் தேடுங்கள், பிறகு சிற்பியை

சிற்ப நூல்கள் கட்டடக் கலைஞரை நான்காகப் பிரிக்கின்றன: திட்டமிட்டு நடத்தும் ஸ்தபதி, அளந்து நூல் பிடிக்கும் சூத்திரகிராகி, வெட்டிச் செதுக்கும் தட்சகன், இணைத்துப் பொருத்தும் வர்த்தகி. இன்று பெயர்கள் மறைந்திருக்கலாம், வேலை அப்படியேதான் இருக்கிறது. கமிட்டி பேச வேண்டியது முதலில் ஸ்தபதியிடம். எந்த ஆகமப்படி கோயில் நடக்கிறது, கருவறை எத்தனை அடி, வாசல் எத்தனை அடி உயரம் என்ற விவரங்களை அவரிடம் கொடுங்கள். மூலவரின் உயரம் கருவறை, வாசல் அளவுகளிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. "மூன்றடியில் ஒரு முருகன்" என்று கடையில் வாங்குவதுபோல் கேட்டால் அந்தக் கணக்கு விட்டுப்போகும்.

தாளம் என்பது சிலையின் உடல் விகிதம். சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம். அதாவது முழு உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்கை ஓர் அங்குலம் என்று கொண்டு முகம், கழுத்து, மார்பு எல்லாம் பிரிப்பார்கள். அம்மனுக்கு 120. இந்த அங்குலம் நம் டேப்பில் இருக்கும் அங்குலம் இல்லை, அந்தச் சிலைக்கு மட்டும் உரிய அளவு. பிள்ளையாருக்கு ஐந்து தாளம்தான், அதனால்தான் அந்தக் குட்டையான, நிறைந்த உருவம். வரைபடம் கைக்கு வந்ததும் தாளம் என்ன, எந்தத் தியான சுலோகப்படி கைகளில் ஆயுதங்கள் என்று கேட்டு, படத்திலேயே எழுதி வாங்குங்கள். வேலாயுதம் வலக்கையா இடக்கையா என்ற சண்டை சிலை கப்பலில் வந்து இறங்கிய பிறகு வரக்கூடாது.

ஸ்தபதி கிடைக்கவில்லை என்றால் மாமல்லபுரம் பக்கம் விசாரியுங்கள். 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி அங்கே இருக்கிறது. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி திருவள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

மூன்றாம் படி: கல் வேலை

நம் தீவில் எங்கே தோண்டினாலும் எரிமலைக் கருங்கல். கரும்புத் தோட்டங்களில் மலைபோல் குவித்து வைத்திருக்கிறார்கள். போர்ட் லூயிஸின் பழைய சுவர்கள், அப்ரவாசி காட் எல்லாம் அதில் கட்டியவைதான். "இந்தக் கல்லிலேயே மூலவரைச் செதுக்கலாமே" என்று ஆசைப்படுவது இயல்பு. மதில், படிக்கட்டு, தளம், தூணின் அடிப்பகுதி இவற்றுக்குத் தாராளமாக எடுங்கள், மிக நல்ல கல். ஆனால் எரிமலைக் குழம்பு ஆறும்போது காற்று அடைபட்டு அதில் சிறு துளைகள் நின்றுவிடுகின்றன. விரல் நுனியிலோ மூக்கிலோ ஒரு துளை வந்தால் அந்த இடம் தெறித்துவிடும். அதோடு சிற்ப நூல்கள் கல்லுக்குச் சொல்லும் மூன்று குற்றங்கள் ரேகை, விந்து, களங்கம்: கோடு, புள்ளி, கறை. இவை உள்ள கல்லை மூலவருக்கு எடுப்பதில்லை.

அதனால் மூலவருக்குத் தமிழ்நாட்டுக் கருங்கல்லே வரட்டும். அங்கே போகிறவர் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. கல்லைச் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். மணி அடித்ததுபோல் ஓசை நின்று ஒலித்தால் அது ஆண் கல், ஆண் தெய்வங்களுக்கு. கைத்தாளம் தட்டியதுபோல் சற்று மென்மையாக ஒலிப்பது பெண் கல், அம்மனுக்கும் ஆவுடையாருக்கும் பீடத்துக்கும். மந்தமாக, மண்ணைத் தட்டியதுபோல் கேட்டால் அலி கல், தளத்துக்கும் அடித்தளத்துக்கும். மந்த ஓசைக்கு உள்ளே வெடிப்பு இருப்பதும் காரணமாகலாம் என்பதால் இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். அடுத்து, கல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றால் அங்கே மயிரிழை வெடிப்பு இருக்கிறது. வேறு கல் காட்டச் சொல்லிவிடுங்கள்.

எடையையும் முதலிலேயே கணக்கிடுங்கள். ஒரு கன அடிக் கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. நான்கடி உயரம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி கனம் உள்ள கல் 900 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். செதுக்கிய பின் குறையும் என்றாலும் பீடம் சேர்ந்துவிடும். கருவறை வாசலில் அது நுழையுமா, தளம் தாங்குமா, எந்தக் கப்பியில் தூக்குவது என்பதை உள்ளூர் இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும்.

கல் சிற்பியிடம் மூன்று கட்டங்களில் படம் கேளுங்கள்: காவியால் கோடு வரைந்தபோது, உருவம் திரண்டபோது, முகம் முடிவதற்கு முன்பு. முகம் முடிந்த பிறகு சொல்லும் திருத்தத்தைக் கல் ஏற்காது.

நான்காம் படி: உலோக வேலை

உற்சவருக்கு, அதாவது வீதி உலா போகும் உருவத்துக்கு, கும்பகோணம் பக்கத்துச் சுவாமிமலை. காவிரிக் கரை வண்டல் மண் அந்தத் தொழிலுக்கு உயிர். இந்த முறையைப் புரிந்துகொண்டால் எந்த நேரத்தில் நாம் வாய் திறக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஸ்தபதி முதலில் ஒரு தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி எடுப்பார். அதை மடித்து மடித்துத் தாள அளவுகளைக் குறித்துக்கொள்வார். அந்த ஓலைதான் அந்தச் சிலைக்கு அளவுகோல். பிறகு தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் கலந்து உருக்கிய மெழுகில் தலை, உடல், கை, கால் எனத் தனித்தனியாகப் பிடித்து, சூடான கருவியால் ஒட்டி, இளகும்போதெல்லாம் தண்ணீரில் போட்டு இறுக்கி உருவத்தை முடிப்பார். நகம், பூணூல், கிரீடத்தின் வேலைப்பாடு எல்லாம் மெழுகிலேயே வந்துவிடும்.

கமிட்டி சார்பில் ஒருவர் நேரில் இருக்க வேண்டிய நாள் இதுதான். மெழுகில் கையைச் சற்று உயர்த்து, முகத்தைச் சற்று ஒல்லியாக்கு என்றால் சில மணி நேர வேலை. வார்த்த பிறகு முடியவே முடியாது.

மெழுகு முடிந்ததும் மேலே மிக நைசான வண்டல் மண்ணை, உமிக்கரி அரைத்துக் கலந்து, மெல்லியதாகப் பூசி நிழலில் உலர்த்துவார்கள். இந்த முதல் பூச்சுதான் விரல் ரேகை வரை பிடித்துக்கொள்ளும். அடுத்தடுத்த பூச்சுகள் மணல் கலந்து தடிப்பாக வரும். பெரிய உருவமானால் இரும்புக் கம்பி கட்டுவார்கள். அச்சைச் சுட்டு மெழுகை உருக்கி வடித்தபின், அதே சூட்டோடு மண்ணில் புதைத்து, மூசையில் (உருக்கும் மண் குடுவையில்) உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். அச்சு போய்விட்டது, ஆகவே அதேபோல் இன்னொன்று இல்லை. அதன்பின் மாதக்கணக்கில் நகாசு வேலை: அரம், உளி, தேய்ப்பு.

பஞ்சலோகத்தில் பெரும்பகுதி செம்புதான். பித்தளையும் ஈயமும் கொஞ்சம், வெள்ளியும் பொன்னும் மிகச் சிறிதளவு. பொன் கொடுக்க விரும்பும் குடும்பங்கள் வார்ப்பு நாளில் உருக்கில் போடுவது வழக்கம். எடை குறித்து ஏமாறாமல் இருக்க ஒரு பழைய கணக்கு உதவும்: மெழுகு உருவத்தின் எடையைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு உலோகம் வேண்டும். மெழுகை நிறுத்து எழுதி வையுங்கள். கடைசிப் பில்லில் எடை அதற்கு மேல் வெகுதூரம் போனால் காரணம் கேளுங்கள்.

உள்ளே நிறைந்த வார்ப்புக்குக் கனம் என்றும், உட்கூடான வார்ப்புக்குச் சுஷிரம் என்றும் பெயர். அபிஷேகமும் புறப்பாடும் உள்ள உற்சவருக்குக் கனமே நல்லது. எடையைத் தூக்கும் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள். உற்சவர் இரண்டடிக்குமேல் போவதில் எனக்கு விருப்பமில்லை. பீடம், திருவாசி (சிலையைச் சுற்றி நிற்கும் வளைவு), வாகனம் எல்லாம் சேரும்போது சாய்வான தெருவில் தோள்கள் தாங்க வேண்டும் அல்லவா?

கவசமும் திருவாசியும் வார்ப்பு வேலை இல்லை, தகட்டு வேலை. செம்பு அல்லது வெள்ளித் தகட்டை அரக்கின்மேல் வைத்துப் பின்னாலிருந்து புடைத்து எடுப்பது. மூலவர் முடிந்த பிறகு அவர் மேலேயே அளவெடுத்துச் செய்ய வேண்டும். குத்துவிளக்குக்கு நாச்சியார்கோயில். இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுத்தால் அவர் மூன்று இடங்களில் வாங்கி உங்களிடம் விற்பார், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: சுதை வேலை

நம் தீவில் அதிகம் கெட்டுப்போவதும் அதிகம் கவனம் பெறாததும் இதுதான். உப்புக் காற்று, நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், உச்சி வெயில் எல்லாம் கோபுரத்தின்மேல்தான் விழுகின்றன. போர்ட் லூயிஸ் கைலாசம் கோயிலானாலும் காத்ர்போர்ன் மலைக்கோயிலானாலும் கடலிலிருந்து காற்று வந்து சேராத இடம் இங்கே கிடையாது.

பழைய முறையில் செங்கல்லை உருவத்துக்கேற்ப வெட்டி அடுக்கி, அதன்மேல் நீற்றிய சுண்ணாம்பை மணலோடு நன்றாக அரைத்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்துப் பூசுவார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். இப்போது பெரும்பாலும் கம்பி, வலை, சிமெண்ட். வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் கம்பிக்குமேல் பூச்சு மெல்லியதாக இருந்தால் உப்பு ஈரம் கம்பியைத் தொட்டுவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் பூச்சை உள்ளிருந்து பிளக்கும். கும்பாபிஷேகம் முடிந்து சில ஆண்டுகளே ஆன ஒரு கோபுரத்தில் துவாரபாலகரின் முன்கை முழுவதும் கீழே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த கம்பி பென்சிலைவிட மெலிந்து, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. நல்ல வேளை, கீழே யாரும் நிற்கவில்லை.

எனவே ஒப்பந்தத்தில் இவற்றை எழுதுங்கள். சாதாரணக் கம்பி வேண்டாம், துருப்பிடிக்காத எஃகு வேண்டும். குறைந்தபட்சம் நீட்டிய கை, ஆயுதம், இறக்கை இவற்றுக்காவது. எந்த இடத்திலும் கம்பி பூச்சின் மேற்பரப்புக்கு அருகில் வரக்கூடாது. கடல் மணல் ஒரு பிடிகூடக் கலக்கக்கூடாது. 2001-லிருந்து இங்கே கடற்கழி மணல் அள்ளத் தடை இருக்கிறது, கிடைப்பது பாறை உடைத்த மணல். அது முரடாக இருக்கும் என்பதால் முகம், விரல் வேலைக்கு இரண்டு முறை சலித்து எடுக்கச் சொல்லுங்கள். பூசியதைச் சாக்கு போட்டு ஈரமாகவே வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும். சிமெண்ட் கலந்த பூச்சானால் நான்கு வாரம் போகாமல் வண்ணம் தொடக்கூடாது, சுண்ணாம்புக் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும்.

வேலைக் காலம் மே முதல் அக்டோபர் வரை. தமிழ்நாட்டிலிருந்து வரும் சுதைக் கலைஞர்களுக்கு அனுமதி வாங்கவே நாளாகும், அதைக் கணக்கில் கொண்டு முந்திய ஆண்டே தொடங்குங்கள். அவர்கள் தங்குமிடமும் சாப்பாடும் கௌரவமாக இருக்கட்டும். சாரத்தின்மேல் நாள் முழுவதும் நிற்கிறவர்கள் அவர்கள்.

தூரத்தையும் மறக்காதீர்கள். அறுபதடி உயரத்தில் நிற்கும் உருவத்துக்குத் தலை சற்றுப் பெரிதாகவும் கண்கள் விரிந்தும், உடல் முன்னே சாய்ந்தும் இருக்க வேண்டும். கீழே வைத்துப் பார்க்கும்போது விகாரமாகத் தெரியும். பயந்து திருத்தச் சொல்லாமல் தரையிலிருந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மரம், சுடுமண், உருவச்சிலை

வாகனங்களுக்கு அரும்பாவூர், தம்மம்பட்டி போன்ற ஊர்கள் பெயர் பெற்றவை. மரத்தில் நம் எதிரி கறையான். நன்கு உலர்ந்த மரமா என்று பாருங்கள், வாகனக் கூடத்தில் கால்கள் நேராகத் தரையில் படாமல் மேடை கட்டுங்கள்.

ஐயனார் குதிரைக்குச் சுடுமண் அழகு. புதுச்சேரி பக்கத்து வில்லியனூரில் அந்த வேலை உயிரோடு இருக்கிறது. நம் புயல்காற்றில் கூரையில்லாத இடத்தில் வைக்க நான் சொல்லமாட்டேன்.

கோயிலைத் தொடங்கிய பெரியவருக்கு ஒரு சிலை வைக்க வேண்டும் என்றால் அது முற்றிலும் வேறு தொழில். களிமண்ணில் முகச்சாயல் பிடித்து, அச்செடுத்து, உட்கூடாக வெண்கலத்தில் வார்ப்பது. இதற்கு நம் மண்ணிலேயே முன்னோடி உண்டு: மொரீஷியஸில் பிறந்த புரோஸ்பர் தெப்பினே. போர்ட் லூயிஸ் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் லா பூர்தோனே சிலையும், கியூர்பிப்பில் இருக்கும் பால்-விர்ஜினி சிலையும் அவர் செய்தவை. அந்த இரண்டையும் கமிட்டியினர் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். முகச்சாயலுக்குத் தாளக் கணக்கு உதவாது என்பது விளங்கும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் நுண்கலைப் பள்ளியில் விசாரித்தால் உள்ளூர்க் கலைஞர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

கங்கா தலாவில் நிற்கும் 33 மீட்டர் மங்கள மகாதேவரைப்போல் ஒன்று வேண்டும் என்ற பேச்சு இப்போது பல ஊர்களில் எழுகிறது. அந்த உயரத்தில் காற்றின் விசையைக் கணக்கிட்டுக் கட்டும் இன்ஜினியர்தான் முதல் ஆள், சிற்பி இரண்டாவது. வரிசையை மாற்றவே கூடாது.

ஆறாம் படி: கப்பலும் காகிதமும்

இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகளை வெளியே அனுப்ப முடியாது. புதிய சிலையானாலும் 'இது பழம்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று வாங்கித்தான் அனுப்ப வேண்டும். சிற்பியே வாங்கித் தருவார் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள், கடைசித் தவணையை அந்தச் சான்று கையில் வந்த பிறகு கொடுங்கள். "பழைய சிலை ஒன்று இருக்கிறது, சக்தி வாய்ந்தது, மலிவாகத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அது இன்னொரு ஊர்க் கோயிலின் சாமி.

மர வாகனமும், சிலையைச் சுற்றி அடிக்கும் மரப்பெட்டியும் பூச்சி மருந்துப் புகையூட்டிச் சான்றோடு வர வேண்டும். வைக்கோலை அடைத்து அனுப்பவே கூடாது. சிலையின் மூக்கு, விரல், ஆயுதம் எதுவும் பெட்டியைத் தொடாதபடி பீடத்தை மட்டும் கட்டையில் இறுக்கச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் திறக்கும்போதே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், இன்சூரன்ஸ் கேட்பதற்கு அது வேண்டும்.

ஏழாம் படி: நிறுத்துவதும் பிறகு காப்பதும்

வந்த சிலையை உடனே கருவறைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். நீரிலும் தானியத்திலும் வைத்து எடுக்கும் சடங்குகள் இருக்கின்றன. சிற்பிக்கு அதில் ஒரு பயனும் உண்டு: நீரில் கிடந்த கல்லில் விடுபட்ட வெடிப்பு இருந்தால் அப்போதாவது கண்ணில் படும். கண் திறக்கும் வேலையைச் சிலை செய்த ஸ்தபதியே வந்து பொன் ஊசியால் செய்வதுதான் முறை. அவருடைய பயணச் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் சேருங்கள்.

மூலவரைப் பீடத்தில் சிமெண்ட் வைத்து ஒட்ட வேண்டாம். அஷ்டபந்தனம் எதற்கு இருக்கிறது? கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் இடித்துச் சேர்ப்பது. இறுகினாலும் கல்லைக் கடிக்காது, பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கும்பாபிஷேகத்தில் எடுத்துப் புதுப்பிக்கலாம். சிமெண்ட் வைத்தால் எடுக்கும்போது சிலையின் அடி உடையும்.

உற்சவரை அமிலம் கலந்த பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அபிஷேகம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, இடுக்குகளில் ஈரம் நிற்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். புளியும் விபூதியும் அவ்வப்போது போதும், அதுவும் முகத்தில் அழுத்தாமல். ஓயாமல் தேய்த்த சிலைகளில் கண்ணும் மூக்கும் மழுங்கிப் போயிருப்பதை எங்கும் காணலாம்.

கோபுரத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பார்வை தேவை: புயல் காலம் தொடங்கும் முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று. மயிரிழை வெடிப்பையும் பழுப்புத் துருக்கறையையும் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள். சிறு வெடிப்பை அப்போதே அடைத்தால் ஒரு நாள் வேலை. இதற்காகவே சுதைக் கலைஞர்கள் இங்கே வந்து வேலை செய்யும் மாதங்களில் நம் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரைச் சம்பளம் கொடுத்து அவர்களோடு சாரத்தில் ஏற்றுங்கள். பூச்சுக் கலவையின் பதம், வண்ணத்தின் எண், கம்பி போகும் இடம் மூன்றையும் அவர்கள் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளட்டும். அந்த நோட்டு கோயில் அலுவலகத்தில், வரைபடங்களோடும் மெழுகு எடைச் சீட்டோடும் தொல்லியல் சான்றோடும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும்.